வியாழக்கிழமையின் பதினொரு விநாடிகள்

மசெகோவுக்கு வசனம் மனப்பாடமாகத் தெரியாது. தெரியக்கூடாது என்பதே எங்கள் நாடகக் குழுவின் முதல் விதி.

அவளுடைய இடக்காதில் கொண்டைக்கடலை அளவில் ஓர் இயர்போன் இருக்கும். அதில் ஒரு பெண்மணியின் பதிவு செய்யப்பட்ட குரல் ஓடும். அந்தக் குரல் சொல்வதை, அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அரை விநாடி பின்தங்கி மசெகோ சொல்வாள். சொற்களோடு இருமலும், இழுத்த மூச்சும், தொடங்கிக் கைவிட்ட வாக்கியங்களும் அவள் வாயில் வரும். யோசித்தால் பின்தங்கிவிடுவாள், ஆகையால் யோசிக்கமாட்டாள். "என் வாய வாடகைக்கு விட்டுட்டேன் அண்ணா, உள்ள யார் குடியிருக்காங்கன்னு எட்டிப் பாக்குறதில்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

ஜோஹானஸ்பர்கில், ஜெப்பிஸ்டவுனில், முன்பு மெத்தை தைத்துக்கொண்டிருந்த ஒரு கூடத்தில் நாங்கள் நாடகம் போடுகிறோம். குழுவின் பெயர் ட்செபே; காது என்று பொருள். இந்த நாடகத்தில் மேடையில் மசெகோ ஒருத்திதான். அவள் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் ஒரு கேமரா. அது பிடிக்கும் முகம், பின்னாலுள்ள மூன்று திரைகளில் நடுத்திரையில், வீட்டுச் சுவரளவுக்குத் தெரியும். மற்ற இரண்டிலும், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்றின் குழிக்குள் நான் கயிற்றில் கட்டி இறக்கிய கேமரா கண்டவை ஓடும்: ஈரப் பாறை, மேலும் ஈரப் பாறை. படம், ஒலி, விளக்கு ஆகிய மூன்றும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். என் மேசை கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு படி உயரத்தில் இருக்கிறது.

இரண்டாம் விதி மின்வெட்டினால் வந்தது. விளக்கு அணைந்தாலும் பேச்சு நிற்கக்கூடாது. கரண்ட் போனால் மசெகோ இருட்டிலேயே பேசிக்கொண்டிருப்பாள். இன்வெர்ட்டர் இரண்டு விநாடிகளில் புரொஜெக்டர்களை எழுப்பும். பெரிய கணினியைத் தாங்க அதற்குத் திராணியில்லை. அதனால் மேசையில் ஒரு மாற்று லேப்டாப், தன் சொந்த பேட்டரியில், பெரிய கணினியோடு விநாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒரு விசையைத் தட்டினால் நாடகம் லேப்டாப்புக்கு மாறிவிடும். பார்வையாளர்களுக்கும் இது பழக்கந்தான். சிலர் கைகூடத் தட்டுவார்கள்.

மசெகோவின் காதில் ஓடிய குரல் மாந்துலியினுடையது. க்ரூகர்ஸ்டார்ப் பக்கம், சுரங்கக் கழிவு மேடுகளுக்குக் கீழேயுள்ள குடியிருப்பில் இருப்பவர், அறுபத்திரண்டு வயது. ஈராண்டுகளுக்கு முன்பு அவருடைய சமையலறையில் நான்கு மணி நேரம் பதிவு செய்தேன். அவருடைய மகன் லுவாசி, அந்தக் குடியிருப்பின் வேறு பல ஆண்களைப் போலவே, மூடப்பட்ட சுரங்கத்துக்குள் அனுமதியின்றி இறங்கித் தங்கம் தோண்டப் போனவன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அவன் இறங்கியிருந்த மாதம், போலீஸ் குழிவாய்களைச் சூழ்ந்துகொண்டது. மேலே வந்தவர்களைப் பிடித்தார்கள். அவர்களுக்கு அடைக்கலம் தந்த வீடுகளையும் விடவில்லை. லுவாசி வீடு திரும்பவில்லை. ஆறு வாரங்களுக்குப் பிறகு உடல் வந்தது.

அவனுடைய மனைவி நொலிதா அப்போது தொலைவிலுள்ள கிழக்குக் கேப் மாகாணத்தில், தன் தாய்வீட்டில் இருந்தாள். இறங்கியவன் ஒருமுறைகூட மேலே வரவில்லை என்றுதான் அவள் அறிந்திருந்தாள். மகளோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பியவள், ஏன் வரவில்லை என்று நான்கு ஆண்டுகளாகக் கண்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வந்தான். நாடகத்தின் ஐம்பத்தோராம் நிமிடம் இருபதாம் விநாடியில் மாந்துலியின் குரல் சொல்கிறது: "வியாழக்கிழமை அவன் மேல வந்தான். கதவத் தட்டினான். நான் தொறக்கல." மொத்தம் பதினொரு விநாடிகள். அதில் சொற்களுக்கு ஐந்து போதும், மிச்சம் மூச்சு. இருபது ஆண்டுத் தொழிலில் அதைவிடச் சிறந்த பதினொரு விநாடிகளை நான் பதிவு செய்ததில்லை. அவை ஓடும்போது மூன்று திரைகளும் சுரங்கத்தையும் முகத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கதவைக் காட்டும். அது மேடையின் ஓரத்தில் சாய்ந்திருக்கும் நீலக் கதவு. மாந்துலியே எங்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டதாகவும், பழையது கொல்லையில் கிடப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்.

இரண்டு வாரம் அப்படியே நாடகம் நடந்தது. அந்நியர்கள் கேட்டார்கள்; அழுதார்கள்; வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் வாரம் புதன்கிழமை மாந்துலி தொலைபேசியில் அழைத்தார். தன் கதை நாடகமாக நடக்கிறதென்று தெரிந்துகொண்ட நொலிதா, சனிக்கிழமை வந்தே தீருவேன் என்கிறாளாம்.

"ஊருக்கெல்லாம் தெரியட்டும் தம்பி. அவளுக்குத் தெரியக்கூடாது. அவ காதுல விழுந்துச்சுன்னா பேத்தியத் தூக்கிட்டு ஊருக்குப் போயிடுவா. அப்புறம் அந்த வீட்ல நான் யாரோட பேசுறது?"

எங்கள் இயக்குநர் தாபெலோ மறுத்தான். சாட்சியத்தில் ஒரு சொல்லைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்று குழுவின் பிரசுரங்களில் எழுதியவன் அவன். நாங்கள் ஒரு முழு மாலை வாதாடினோம். கடைசியில், சாட்சியம் சொன்னவருக்கே அது சொந்தம் என்று நான் சொன்னதை அவனால் மறுக்க முடியவில்லை. "சரி, வெட்டு" என்றான். "அப்புறம் அந்தக் கதவு வெறும் மரம். அடுப்புக்கு ஆகும்."

வியாழக்கிழமை காலை வெட்டினேன். பதினொரு விநாடிகளோடு, அவற்றுக்கு இரண்டரை நிமிடம் முன்னால் வரும் ஓர் இருமலையும் எடுத்தேன். அந்த இருமலில் தொடங்கும் தயக்கம் போய்ச்சேர வேறு இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. வெட்டியது தெரியாதபடி மூச்சோடு மூச்சை ஒட்டினேன். நல்ல வேலை. அதைப் பெரிய கணினியில் ஏற்றினேன்.

லேப்டாப்பில் ஏற்றவில்லை. மாற்றுப் பிரதியை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தபின் புதுப்பிப்பது எங்கள் வழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கம் உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பை அழிப்பதா என்று லேப்டாப் கேட்டபோது என் விரல் நகரவில்லை என்பதும் உண்மை. குறையில்லாத ஒன்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு பிரதி வீட்டில் இருந்தது, ஆயினும் வரவில்லை.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு மாந்துலி வந்தார். மூன்று மணிக்கு ஆட்டம். கையில் பிளாஸ்டிக் டப்பா நிறைய மக்வின்யா என்கிற பொரித்த மாவுருண்டைகள். புறப்படும் முன் பொரித்தது, இன்னும் சற்றுச் சூடு இருந்தது. பின்னால் நொலிதா, நெடிய, பேசாத பெண், சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மாந்துலிக்கு முழங்கால் வலி. படியிறங்க முடியாதென்று கடைசி வரிசையைக் கேட்டிருந்தார். ஆகவே என் மேசைக்கு நேர் முன்னால், நான் கையை நீட்டினால் அவருடைய தலைத்துணியைத் தொடலாம் என்ற தொலைவில், இருவரும் உட்கார்ந்தார்கள்.

நொலிதா கழிவறைக்குப் போனபோது மாந்துலி திரும்பி டப்பாவை நீட்டினார்.

"ரெண்டு எடுத்துக்கோ. மெஷினுக்கு மட்டும் கரண்ட் குடுத்தா போதுமா? உனக்கு வேணாமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"சுத்தமா?"

"சுத்தமா அம்மா. நீங்களே கேட்டாலும் தெரியாது."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

மின்வெட்டு அட்டவணைப்படி எங்கள் தெருவுக்கு மாலை ஆறு மணி. அட்டவணை மாறியிருக்கிறது. மூன்று நாற்பதுக்குக் கூடம் இருண்டது.

மசெகோவின் குரல் நிற்கவில்லை. இருட்டில் அவள் மகனின் பூட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் விசையைத் தட்டினேன். திரைகள் கண் விழித்தன, முகம் வந்தது, பாறை வந்தது. முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். என் பக்கத்து முக்காலியில் இருந்த தாபெலோ என் தோளை ஒருமுறை தட்டினான். நான் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு, பெரிய கணினியின் கருத்த திரையில் என் முகத்தைப் பார்த்தபடி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணினேன்.

நாற்பத்தெட்டாம் நிமிடம் ஐம்பதாம் விநாடியில் மாந்துலி என் காதில் இருமினார்.

நான் வெட்டிய இருமல். அரை விநாடி கழித்து மேடையில் மசெகோ அதே இருமலை இருமினாள்.

லேப்டாப்பில் ஓடுவது முழுப் பதிவு. இன்னும் இரண்டரை நிமிடத்தில், மூன்று திரைகளிலும் கதவு தோன்ற, எண்பத்துநான்கு பேருக்கு நடுவில் நொலிதா அதைக் கேட்பாள். சுத்தம் என்று நான் சொல்லி ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆட்டக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதித் தாபெலோவின் பக்கம் தள்ளினேன்: முழுப் பதிவு ஓடுகிறது.

அவன் என் பேனாவை வாங்கி எழுதினான்: தெரியும்.

அவனுக்கும் அந்த இருமல் கேட்டிருந்தது. நான் கவனிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பேனாவைத் திருப்பித் தராமல் இன்னும் இரண்டு சொற்கள் எழுதினான்: உண்மைதானே. விடு.

நாற்பத்தொன்பது, இருபது.

நிறுத்த வழி தேடினேன். பதிவை அந்தப் பதினொரு விநாடி தாண்டித் தள்ளினால் படமும் விளக்கும் சேர்ந்து தாவும். மசெகோ பாதிச் சொல்லில் தடுமாறுவாள். தடுமாறியவள் பழகிய வரியில்தான் போய் விழுவாள். இன்வெர்ட்டரை அணைத்துக் கூடத்தை இருட்டாக்கலாம். ஆனால் இருட்டில் பேச்சை நிறுத்தக்கூடாதென்று அவளைப் பழக்கியவர்கள் நாங்களேதான். காதை மட்டும் ஊமையாக்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒத்திகையில் ஒருநாள் ஆறு விநாடி இயர்போன் செத்துப்போயிற்று. மசெகோ ஒரு சொல் பிசகாமல் பேசிக்கொண்டே போனாள். பிறகு நாங்கள் சொன்னபோது அவள் நம்பவில்லை. குரல் கேட்டதாகச் சத்தியம் செய்தாள். வசனம் அவளுக்குத் தெரியாது. அவள் வாய்க்குத் தெரிந்திருந்தது. ஒத்திகையோடு சேர்த்து எட்டு வாரம் சொன்ன அந்த வரியை, காதில் ஒன்றும் விழாவிட்டால், வாய் தானே சொல்லிவிடும்.

காலியான காது உதவாது. வேறு சொற்கள் வேண்டும்.

மேசையில் கழுத்து வளைந்த ஒரு சிறிய மைக் உண்டு. ஒத்திகையில் இயக்குநர் நடிகையின் காதோடு பேசுவதற்கானது. அதன் பொத்தானை அழுத்தினால் பதிவு அடங்கி, பேசுபவரின் குரல் இயர்போனுக்குப் போகும். முதல் வாரம் தாபெலோ அதில், "கொஞ்சம் இடது பக்கம் திரும்பு" என்றான். மகனை இழந்த தாயின் குரலில், கண்ணீரோடு, "கொஞ்சம் இடது பக்கம் திரும்பு" என்றாள் மசெகோ. ஒரு வாரம் சிரித்தோம். அதற்குப் பிறகு ஆட்டத்தின்போது அந்த மைக்கை யாரும் தொட்டதில்லை.

அடுத்ததைச் சொல்லாதே என்று அதில் சொன்னால், அடுத்ததைச் சொல்லாதே என்று அவள் சபைக்குச் சொல்வாள். ஆகவே நான் மாந்துலியாகப் பேச வேண்டும். அவர் சொல்லாத ஒன்றை, அவர் சொல்லக்கூடிய விதத்தில், பதினொரு விநாடிக்கு.

ஐம்பது, பத்து. மேடையில் மசெகோ புதன்கிழமை வரை வந்துவிட்டாள். தெருமுனையில் வண்டிகள் நின்றன. பக்கத்து வீட்டில் கதவை உடைத்தார்கள். தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். நொலிதா முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டிருந்தாள். மாந்துலி அசையவில்லை. அவருக்குத் தன் பேச்சின் வரிசை தெரியும், இருமலையும் கேட்டிருப்பார். அவருடைய கழுத்தின் பின்புறம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது நெட்டுக்குத்தாக இருந்தது.

நான் மைக்கை அருகில் இழுத்தேன். தாபெலோ என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஒரு வார்த்தைகூட நம்மது இல்லன்னு சொல்லித்தான இந்த ஜனங்களக் கூட்டிட்டு வந்தோம்" என்றான், காதருகில், மூச்சளவு குரலில். "பொய் சொல்லப் போறியா? அவங்க வாயால?"

அவன் சொன்னதில் பிழையில்லை. கையை உருவிக்கொண்டேன்.

ஐம்பத்தொன்று, பதினெட்டு. திரைகளில் பாறை மங்கியது. நான் பொத்தானை அழுத்தினேன்.

மாந்துலி வாக்கியங்களை எங்கே முறிப்பார், எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குவார் என்பது என் தாய் பேசுவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வாயைக் குவித்து, மைக்கோடு ஒட்டிச் சொன்னேன்: "வியாழக்கிழமை மழை." ஒரு மூச்சு. "நல்ல மழை. ஒண்ணும் கேக்கல." இன்னொரு மூச்சு. "நான் தூங்கிட்டேன்."

"வியாழக்கிழமை மழை" என்றாள் மசெகோ. துளி தயக்கமில்லை. "நல்ல மழை. ஒண்ணும் கேக்கல." மூச்சையும் எடுத்துக்கொண்டாள். "நான் தூங்கிட்டேன்."

ஆனால் படத்தை நிறுத்த எனக்கு நேரமிருக்கவில்லை. மூன்று திரைகளிலும் நீலக் கதவு வந்து நின்றது. உரிந்த வண்ணமும், பூட்டுக்கு மேலே நீளமான கீறலும், தாழ்ப்பாளின் துருவும் தெரிந்தன. நொலிதா நிமிர்ந்தாள். அது அவளும் ஒன்பது ஆண்டுகள் திறந்து மூடிய கதவு.

எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு விநாடி. ஒன்பது. பொத்தானை விட்டுவிட்டால் பதிவு திரும்பிவிடும். அதில் அடுத்து வெள்ளிக்கிழமை காலை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மாந்துலி திரும்பினார்.

அவர் இரண்டு முறை கேட்டிருந்தார்: முதலில் தன் தலைக்குப் பின்னால் என் கிசுகிசுப்பில், பிறகு மேடையில் தன் குரலில். என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த நன்றி அந்த முகத்தில் இல்லை. வேறொருவர் தன் துணியை உடுத்தியிருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் தூங்கல" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார், என்னிடம்தான் சொன்னார். என் விரல் இன்னும் பொத்தானின் மேல் இருந்தது.

"நான் தூங்கல" என்றாள் மேடையில் மசெகோ.

மாந்துலியின் கண்கள் மேடைக்குப் போய், மைக்குக்கு வந்தன. எங்கள் முறையை முதல் நாளே அவருக்குச் செய்து காட்டியிருக்கிறோம். அன்று மசெகோவின் காதில் ஒரு பாட்டுப் பாடி, அவளைப் பாட வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அவர். இப்போது நடந்தது என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

விரலை எடுக்க எனக்கு முழு ஒரு விநாடி இருந்தது. என் வேலையில் ஒரு விநாடி என்பது நீண்ட நேரம். எடுத்திருந்தால் பதிவு திரும்பியிருக்கும். மழையும் தூக்கமும் நின்றிருக்கும். "நான் தூங்கல" என்பதை யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அதைத்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மைக்கின் கழுத்தை அவர் பக்கம் வளைத்தேன்.

மாந்துலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மைக்கைப் பார்த்துப் பேசவில்லை. நொலிதாவைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஒவ்வொரு துண்டையும் அவர் சொன்ன அரை விநாடியில் மசெகோ கூடம் முழுவதற்கும் சொன்னாள். அருகில் தாழ்ந்து ஒன்றும் தொலைவில் உயர்ந்து ஒன்றுமாக, ஒரே பேச்சு இருமுறை கேட்டது.

"மழையும் இல்ல. அவன் மேல வந்தான். வியாழக்கிழமை. மூணு தடவ தட்டினான். அம்மான்னு கூப்பிட்டான், சத்தம் போடாம. தெருவுல வண்டி நின்னுச்சு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். கைய வெச்சேன் கதவு மேல. தொறக்கல."

கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது நாடகம். நொலிதா மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டியபடி, ஓர் அடி தொலைவில் இருந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?" என்றாள்.

மைக் அதையும் எடுத்துக்கொண்டது. "எவ்வளவு நேரம் நின்னாரு?" என்று மசெகோ கேட்டாள், நொலிதாவின் சன்னமான குரலில். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியல. ரொம்ப நேரம். அவன் போனது கேட்டுச்சு. அதுக்கப்புறமும் நான் அங்கேயேதான் நின்னேன்."

மசெகோ சொல்லி முடித்தாள். மாந்துலி நிமிர்ந்து, என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். போதும் என்று அர்த்தம். நான் பொத்தானை விட்டேன்.

பதிவு நமக்காகக் காத்திருப்பதில்லை. அது அடியில் ஓடிக்கொண்டே இருந்து, வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "பீன்ஸ் ஊறப்போட்டேன்" என்றது மாந்துலியின் ஈராண்டுக்கு முந்திய குரல். "பீன்ஸ் ஊறப்போட்டேன்" என்றாள் மசெகோ. திரைகளில் பாறை மீண்டும் மேலேறத் தொடங்கியது. தாபெலோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

மிச்சமிருந்த பதினெட்டு நிமிடமும் நொலிதா எழுந்து போகவில்லை. மேடையையும் பார்க்கவில்லை, முன் நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாந்துலி மடியிலிருந்த டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது இவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

மசெகோ காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தாள்.

"நடுவுல வேற யாரோ பேசினாங்க" என்றாள். "முதல்ல நீங்க. அப்புறம் யாரு?" பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள். மாந்துலியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவர் அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் ஒரு மக்வின்யாவை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

நொலிதா எழுந்து மேடையேறினாள். சாய்ந்திருந்த கதவின் முன் போய் நின்றாள். நாங்கள் யாரும் அசையவில்லை. தட்டுவாள் என்று நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் நாடகம் போட்டதனால் வரும் நினைப்பு அது. அவள் கதவின் பின்பக்கம் சுற்றிப் போனாள். மாந்துலி நின்றதாகச் சொன்ன பக்கம். அங்கே மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, மாந்துலியைக் கடந்து, வெளியே போனாள். மாந்துலி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவள் பின்னால் போனார். வாசலில் நின்று, திரும்பாமல், "டப்பாவ அப்புறம் வாங்கிக்கறேன்" என்றார்.

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் குறிப்பேடு எழுதுவது என் பொறுப்பு. எழுத்துப் பிரதியிலிருந்து விலகியது எந்த நிமிடத்தில், என்ன, யாருடைய சொல் என்று மூன்று பத்திகள் உண்டு. தாபெலோ முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"நீ சொன்ன மூணு வரியும் நல்லா இருந்துச்சு" என்றான். "அவங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

சாளரத்தின் வழியே சாலை தெரிந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. சிக்னல் விளக்குகள் செத்துக் கிடந்தன. டாக்சிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. க்ரூகர்ஸ்டார்ப் போகும் வேன் எதிர்ப்புறம் நின்றது. நொலிதா சாலையைக் கடந்து அதனருகில் நின்றுகொண்டிருந்தாள். மாந்துலி இன்னும் இந்தப் பக்கம், வண்டிகளுக்கிடையில் இடைவெளி பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுதினேன். 51:20: மூன்று வரிகள் சேர்க்கப்பட்டன. என்னுடையவை. பொய். 51:31: சாட்சியம், நேரில். மாந்துலியினுடையது. அதற்கடுத்த வரியில் நொலிதாவின் கேள்வியையும் அவள் பெயரையும் எழுதினேன்.

தலையை நிமிர்த்தியபோது வேன் அநேகமாக நிறைந்துவிட்டிருந்தது. ஓட்டுநர் கதவைச் சாத்த வந்தான். நொலிதா கதவின் ஓரத்தைக் கையால் பிடித்து நிறுத்தி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் சாலையைக் காட்டிக் கையை விரித்தான். அவள் கையை எடுக்கவில்லை. மாந்துலி கடந்து வந்து சேரும்வரை அப்படியே நின்றாள், வந்தவரைப் பார்க்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை. மாந்துலி தானே கம்பியைப் பிடித்து ஏறிக் கடைசி வரிசைக்குப் போனார். அவர் உட்கார்ந்த பிறகு நொலிதா வேனின் கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டு, முன்னால் போய், ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள்.